பன்றிக்குப் போன சத்து

1

இந்தத் தைப்பூசத்தோடு நான் பினாங்குக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். ஊர் வாசகசாலைக்காரர்கள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு அக்கரைச் சமாசாரம் ஏதாவது எழுதச் சொல்லி வெகு நாளாகக் கேட்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

போன கப்பலில் தங்கை மகன் வேலாயுதத்தின் கடுதாசி வந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது.

"மாமா, இங்கே பேப்பரில் வைட்டமின் டானிக் என்று விளம்பரம் போடுகிறான். வாலிபர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டியதாம். பினாங்கில் அசல் சரக்கு கிடைக்கும் என்கிறார்கள். இரண்டு பாட்டில் அனுப்பவும். எனக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப் போகிறது."

அதற்குக் கீழே இன்னொன்று எழுதியிருந்தான்.

"நம் ஊருக்கும் அரிசி மில் வந்துவிட்டது. நெல் அவிக்கிற வேலை இல்லை, குத்துகிற வேலை இல்லை. தினமும் பச்சரிசிச் சோறுதான். முத்து மாதிரி இருக்கிறது. நாங்களும் பினாங்கு மாதிரி ஆகிவிட்டோம்."

அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். கடுதாசியை மடித்து வைத்தேன்.

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?" என்றாள் என் பெண்சாதி அஞ்சலை.

"இன்னும் தெரியல" என்றேன்.

அதனால் எழுதுகிறேன். இது அக்கரைப் பெருமை இல்லை. பெருமையைத் தேடுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

எனக்கு ஜெலுத்தோங் பக்கம் கடலோரத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை. தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். நெல் ஒரு மிஷினில் உமி நீங்கி வரும். அப்போது அது பழுப்பாக இருக்கும். அதை இன்னொரு மிஷினில் போட்டுத் தீட்டினால் வெள்ளையாகும். தீட்டுகிற மிஷின் என் பொறுப்பு. அரிசி விழுகிற வாயில் கையை நீட்டி ஒரு பிடி எடுப்பேன். ஊதுவேன். வெளிச்சத்தில் பார்ப்பேன். பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபடியும் தீட்டுவேன். தவுக்கே வந்து பார்த்து, "லாகி பூத்தே" என்பார். இன்னும் வெள்ளை என்று அர்த்தம். எத்தனை வெள்ளையாக இருந்தாலும் அவருக்கு இன்னும் வெள்ளை வேண்டும்.

மிஷினுக்கு அடியில் தவிடு கொட்டும். அதை மூட்டை கட்டி மாட்டு வண்டியில் ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பன்றிப் பட்டிகளுக்கு அனுப்புவார்கள். தவிட்டு வாடை என் சட்டையை விட்டுப் போகாது. குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது அஞ்சலையின் சட்டம்.

நான் வந்த புதிதில் மில்லில் சீனர்களும் நாங்களும் ஒன்றாக மூட்டை தூக்கினோம். அவர்கள் வெள்ளை அரிசி தின்றார்கள். நாங்கள் கப்பலில் வருகிற புழுங்கலரிசி தின்றோம். அதற்கு ஒரு வாடை உண்டு. ஊறவைத்த நெல்லின் வாடை. "உன் சோறு நாறுது" என்று அவர்கள் தள்ளிப் போய் உட்காருவார்கள்.

அவர்களில் சிலருக்குக் கால் வீங்கும். சிலருக்கு வீங்காமலே மரத்துப்போகும். அப்படிக் கால் வீங்கின என் ஜோடிக்காரன் ஒருவன் காலையில் என்னோடு மூட்டை தூக்கினான். மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

நம் ஆட்களில் யாருக்கும் அப்படி வரவில்லை. தண்ணீர்மலை முருகன் காப்பாற்றுகிறான் என்றார்கள். ரசம் காப்பாற்றுகிறது என்றார்கள். நம் ரத்தமே தனி என்றுகூட ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். நாறுகிறது என்றார்களே, அந்தச் சோற்றைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

3

எங்களுக்கு ஒரே மகன். பெயர் சந்தானம். அவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தேன். இருபது வயதில் ஒரு வெள்ளைக்கார ஆபீசில் தற்காலிகக் கிராணியாக எடுத்தார்கள். கிராணி என்றால் குமாஸ்தா. ஒரு வருஷம் கழித்து டாக்டர் சோதித்து நல்ல உடம்பு என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். மூட்டை தூக்கினவன் மகன் மேஜை முன்னால் உட்கார்ந்தான்.

முதல் வாரமே அடுக்குச்சட்டியில் பாதிச் சோற்றைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"ஏண்டா, புடிக்கலியா?" என்றாள் அஞ்சலை.

"தொறந்தா எல்லாரும் மூக்கப் பொத்துறாங்க லா. சமாதிக் குழியத் தொறந்த மாதிரி பாக்குறாங்கம்மா."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. வெள்ளை அரிசி வேண்டும் என்று அவன் வாயால் சொல்லவில்லை. இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். சொன்னது நான்.

ஊரில் நமக்குப் பச்சரிசி பொங்கலுக்கும் திவசத்துக்கும்தான். தினமும் வெள்ளைச் சோறு பெரிய வீடுகளில்தான். அது மனசில் கிடந்தது. மில்லில் நானே தீட்டிய அரிசி. அதில் ஆக வெள்ளையானதை மூட்டையாக வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அடுப்பில் இரண்டு உலை. எங்கள் இருவருக்கும் புழுங்கல். உழைக்கிற உடம்புக்கு அதுதான் நிற்கும். கிராணிக்கு வெள்ளை.

அஞ்சலைக்குப் பிடிக்கவில்லை. "இதுல என்னா இருக்கு? வெறும் சுண்ணாம்பு. தின்ன ஒரு மணி நேரத்துல பசிக்குது" என்றாள். ஆனாலும் தண்ணீர் தெளிகிறவரை நாலு தரம் களைந்து, வடித்து, மல்லிகைப்பூ மாதிரி போட்டாள்.

மளிகைக்கடை செய்யது நானா என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன தம்பி, புழுங்கல் அளவு கொறஞ்சு போச்சு? வூட்ல யாரு வெரதம்?"

"மவன் ஆபீசுக்குப் போறான் நானா. வெள்ளை அரிசி."

"ஓ! கிராணிக்கு வயிறும் வெள்ளக்காரன் வயிறாயிடுச்சோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மகன் கீரையை ஒதுக்கினான். ஆடு தின்கிறது என்றான். பயறு வாயு என்றான். வெள்ளைச் சோறு, கொஞ்சம் கறிக்குழம்பு, ஊறுகாய், அப்புறம் ஒரு கலர் சோடா. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது. இரண்டு உலை வந்தால் இரண்டு பந்தி வரும். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

4

ஒரு நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தான்.

"இன்னொண்ணு எங்கடா?" என்றாள் அஞ்சலை.

குனிந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறான். சுட்டதுகூடத் தெரியவில்லை.

"என்னமோ நெனப்புல வந்துட்டேன்" என்றான்.

நான் அதை நம்பினேன். சின்னப் பையன், யாராவது பெண்ணை நினைத்திருப்பான் என்றும் எண்ணினேன்.

பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. டாக்டர் சோதனைக்கு இன்னும் சில மாதம்தான் இருந்தது. அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரத்தைக் காட்டினான். "சோர்ந்த வாலிபர்களே!" என்று கொட்டை எழுத்து. வைட்டமின் டானிக். ரத்தம் ஊறும், நரம்பு முறுக்கேறும். பக்கத்தில் இரும்புக் குண்டு தூக்குகிற ஒருவன் படம்.

கடை டவுனில் இருந்தது. நாங்கள் இருவரும் போனோம். கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் ஆள்தான், நல்ல தமிழ். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஏதோ பத்திரம் மாட்டியிருந்தார்.

"வைட்டமின்னா என்னாங்க?" என்றேன்.

"உயிர்ச்சத்து, ஐயா. சீமையில கண்டுபிடிச்சது."

"எதுல இருந்து எடுக்குறாங்க?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியம். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. தம்பிகிட்ட நாலு வார்த்தை தனியா கேக்கணும்."

நான் வெளியே நின்றேன். ரிக்‌ஷாக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து மகன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். கையில் மூன்று பாட்டில். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று மாதங்கள் கழித்துத்தான் சொன்னான். காலை அந்த ஆள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான். கனவைப் பற்றிக் கேட்டிருக்கிறான். கல்யாணமாகாத பையன்களிடம் கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டிருக்கிறான். கடைசியில், "நீ செஞ்ச தப்புதான் தம்பி இது. அப்பாகிட்டச் சொல்லாதே, மனசு ஒடஞ்சுடுவாரு. இத ஒழுங்கா குடி" என்றிருக்கிறான்.

வியாபாரிகள் பொய் சொல்வார்கள். அது எனக்குப் பழக்கம். மணல் கலந்த அரிசி பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பையனுடைய வெட்கத்தைப் பிழிந்து பாட்டிலில் அடைத்து அவனுக்கே விற்கிறவனை அப்போதுதான் பார்த்தேன். மூன்றல்ல, பதினொரு பாட்டில் குடித்தான். தன் பாவம் என்று நம்பிக் கால் வீக்கத்தை எங்களுக்குத் தெரியாமல் மறைத்தான். வீட்டுக்குள்ளும் நீளக் கால்சட்டையோடு திரிந்தான். துரைமார் பழக்கம் என்று நான் நினைத்தேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் விழுந்தான். தூக்கும்போதுதான் காலைப் பார்த்தேன். விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

என் ஜோடிக்காரன் கால் ஞாபகம் வந்தது. ரிக்‌ஷா கூப்பிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் முதலில் ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு கிராணி.

"எந்தக் கிளாஸ்?"

"பையன் ஆபீஸ் கிராணிங்க."

"நெரந்தரமா?"

"இல்லீங்க. டாக்டர் கடுதாசி குடுத்தா நெரந்தரம்."

"நெரந்தரம்னு ஆபீஸ் கடுதாசி குடுத்தாத்தான் ரெண்டாங் கிளாஸ்ல டாக்டர் பாப்பாரு."

"டாக்டர் பாக்காம அது எப்படிங்க..."

"அப்பன் என்ன வேலை?"

"அரிசி மில்லு."

அவர் ஒன்றும் கேட்காமல் மூன்றாம் கிளாஸ் சீட்டு எழுதினார். எழுதினதை மகன் இங்கிலீஷில் படித்தான். "கூலி மகன்னு போட்டிருக்குப்பா" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். வாசல்படியில் உட்கார்ந்தோம்.

உள்ளே ஒரு டிரஸ்ஸர். டாக்டருக்குக் கீழே இருக்கிற வைத்தியக்காரர். வயசானவர், தமிழர். மகனை உயரமான பெஞ்சில் உட்கார வைத்துக் காலைத் தொங்கப்போடச் சொன்னார். கை விளிம்பால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். துணிமூட்டை மாதிரி தொங்கியது.

கனவைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"வீட்ல என்ன அரிசி?"

"வெள்ளை அரிசிங்க. முதல் தரம்" என்றேன்.

"நீங்களும் அதானா?"

"இல்லீங்க. நானும் அவன் அம்மாவும் புழுங்கல்."

பேனாவைக் கீழே வைத்தார். "பெரிபெரி" என்றார்.

"அது சீனருக்கில்ல வரும்?"

"வெள்ளை அரிசிக்கு வரும்யா. அது சாதி பாக்காது. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நெஞ்சுக்கு வந்திருக்கும். அப்புறம் இங்க கொண்டாந்திருக்க வேண்டாம், நேரா..." என்று கையை நீட்டினார். எங்கே என்று சொல்லவில்லை.

மகன் மெதுவாகக் கேட்டான். "சார், இது... நான் ஏதும் தப்புப் பண்ணதால வந்ததா?"

"ஆமா. வெறும் வெள்ளச் சோறு தின்ன பாரு, அதான் தப்பு. வேற எவன் என்ன சொன்னான்?"

மகன் அழுதான். இருபத்தொரு வயதுப் பிள்ளை, மூன்றாம் கிளாஸ் பெஞ்சில் எல்லார் முன்னாலும் அழுதான். காலுக்காக அழுகிறான் என்று நினைத்தேன்.

டிரஸ்ஸர் ஒரு பாட்டிலைத் திறந்தார். பழுப்பாக, பாகு மாதிரி. "வைட்டமின் வைட்டமின்னு ஊரெல்லாம் கூவுறானே, இதுல இருக்கு அது" என்று கரண்டியில் ஊற்றினார்.

வாடை வந்தது.

எனக்கு அந்த வாடை தெரியும். இத்தனை வருஷமாக என் சட்டையில் இருக்கிற வாடை. அஞ்சலை என்னை வாசலிலேயே நிறுத்திக் கழுவச் சொல்கிற வாடை.

"இது தவுடு" என்றேன்.

"தவுட்டுச் சாறு. உமக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாங்க தீட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எங்க போவுது அந்தத் தவுடு?" என்றார்.

"பன்னிக்குங்க."

வெளியே போய்ச் சாக்கடையோரம் உட்கார்ந்தேன். டானிக்காரன் மேல் பின்னால் எனக்கு வந்த அருவருப்பைவிட அன்று என் மேல் வந்தது பெரிது. அவன் விற்றது சீனிப்பாகும் சாயமும். அதில் மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. நான்தான் உள்ளதை உரித்து எடுத்தேன். பழுப்பு ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து எடுத்தேன். என் பிள்ளையின் காலைப் பன்றிப் பட்டிக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டுச் சக்கையை மல்லிகைப்பூ மாதிரி அவனுக்குப் போட்டேன்.

6

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். புழுங்கல் சோறு, பச்சைப்பயறு, பழுப்புப் பாகு. நெல்லை அவிக்கும்போதே தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், அதனால்தான் புழுங்கல் என்றார் டிரஸ்ஸர். வீக்கம் வடிந்தது, மூச்சு சீரானது. கால் மட்டும் மரக்கட்டை. "நரம்பு மெதுவாத்தான் வரும். வந்தாலும் வரும்" என்றார் டிரஸ்ஸர். "தவுட்ட வெந்நீர்ல ஊறவச்சு வடிச்சுக் குடு. ஒனக்குக் கெடைக்கிறதுக்கு என்ன?" என்றார்.

அன்று சாயங்காலம் ஒரு துணிப்பையில் தவிடு எடுத்துக்கொண்டு மில் வாசலுக்கு வந்தேன். காவல்காரர் பஞ்சாபி. பையைத் தடவிப் பார்த்தார்.

"தவுடா? வீட்ல பன்னி வளக்குறியா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"எத்தன?"

"ஒண்ணு."

"நல்லாத் திங்குதா?"

"மூக்கப் புடிச்சுக்கிட்டுத் திங்குது."

அவர் சிரித்து அனுப்பினார். அன்றிலிருந்து தினமும், "பன்னி எப்படி?" என்று கேட்பார். "தேறுது" என்பேன்.

அஞ்சலை அதை ஊறவைத்து, துணியில் வடித்து, வெல்லம் போட்டுக் கொடுத்தாள். மகன் முதல் நாள் துப்பினான். மறுநாள் குடித்தான். அடுப்பில் மறுபடியும் ஒரே உலை. பந்தியும் ஒன்று.

டானிக் கடைக்கு ஒரு தரம் போனேன். காலிப் பாட்டில்களைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனேன். அந்த ஆள் வேறொரு பையனைத் தனியே உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். பையன் தலை குனிந்திருந்தது. நான் சாக்கை மேஜையில் வைத்தேன். நேரே அந்தப் பையனிடம் போய்க் காலை அமுக்கிப் பார்த்தேன். குழி விழவில்லை.

"ஒனக்கு ஒண்ணுமில்ல தம்பி. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னு" என்றேன்.

"யாருய்யா நீ, டாக்டரா?" என்று கத்தினான் கோட்டுக்காரன்.

"பன்னி வளக்குறவன்" என்றேன்.

பையன் எழுந்து போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. கடை இன்றும் இருக்கிறது. விளம்பரம் இன்னும் பெரிய எழுத்தில் வருகிறது.

7

மில்லுக்குப் போகுமுன் தினமும் காலையில் மகனை மேஜைமேல் உட்கார வைப்பேன். டிரஸ்ஸர் செய்த மாதிரி முழங்காலுக்குக் கீழே கை விளிம்பால் தட்டுவேன். ஒன்றும் இருக்காது. அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லாத அப்பனும் மகனும் நாங்கள். அவனுக்கு இங்கிலீஷ், எனக்கு நாலாம் வகுப்பு. இந்தத் தட்டுத்தான் எங்கள் பேச்சு.

இரண்டு மாதம் போயிற்று. ஆபீசிலிருந்து கடுதாசி வந்தது. உடல் தகுதி இல்லாததால் அந்த இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று என்று நாலே வரி. மகன் படித்துச் சொன்னான். நான் வழக்கம்போல் தட்டினேன்.

கால் எகிறியது. என் வயிற்றில் இடித்தது. கையிலிருந்த காப்பி சட்டையெல்லாம் கொட்டியது.

"நான் ஒதைக்கலப்பா" என்றான் பதறிப்போய். "அதுவா வந்துச்சு."

"தெரியும்" என்றேன். "இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் வந்தது. அஞ்சலை அடுப்படியிலிருந்து, "காலங்காத்தால என்னா அங்க, அப்பனும் மவனும் ஒதச்சுக்கிறீங்க?" என்றாள். வந்து பார்த்தவள் அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவன் ஒரு தேங்காயெண்ணெய்க் கிடங்கில் எழுதுகிற வேலை பார்க்கிறான். தூரம் நடந்தால் வலது கால் சற்று இழுக்கும். புழுங்கல் சோறுதான் கொண்டுபோகிறான். மூட்டைகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தின்கிறான் என்று கேள்வி. இருக்கட்டும். தின்றால் போதும்.

வேலாயுதம், பாட்டில் வராது. உன் களைப்பு என்ன களைப்பு என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. உன் அம்மாவை விட்டு உன் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டச் சொல். எகிறினால் சரி. எகிறாவிட்டால் எனக்கு எழுதிக்கொண்டு நிற்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவை நெல் அவிக்கச் சொல். பிறகு உன் ஊர் மில்லுக்குப் போய்த் தவிடு எந்த வீட்டு மாட்டுக்குப் போகிறது என்று பார். அந்த மாட்டின் காலைப் பார்த்துவிட்டு உன் காலைப் பார்.

அந்த மில்லிலும் என்னைப் போல ஒருவன் நிற்பான். ஒரு பிடி அரிசியை எடுத்து ஊதி, வெளிச்சத்தில் பார்ப்பான். அவனை வையாதே. அவனுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும். வெள்ளைச் சோறுதான் போடுவான். அவனிடம் இதைப் படித்துக் காட்டு.

மில் சங்கு ஊதிவிட்டது. எனக்கு வேறு தொழில் தெரியாது. போய் வெள்ளையாக்க வேண்டும்.